சாக்கடையோரத்து நந்தியாவட்டை

சனத்நகர், ஹைதராபாத்
4 ஆகஸ்ட் 2024

அன்பு மனைவி ரஞ்சனாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு திருச்சி போய் இரண்டு வருஷம். ஃபோனைத்தான் எடுப்பதில்லை, இதையாவது பிரித்துப் பார். விஷயம் ஒரு செடி. பின்சுவருக்கு வெளியே, சாக்கடையோரம், யாரும் வைக்காமல் இடுப்பளவு ஒரு புதர். வெள்ளைப் பூ. இலையைக் கிள்ளினால் பால். மேல்வீட்டுக் கிருஷ்ணமூர்த்தி 'கன்னேரு' என்கிறார், அதாவது அரளி. விஷமாம், மாதக் கடைசியில் வெட்டப்போகிறார்கள்.

கார் நிறுத்த உன்னைக் கேட்காமல் உன் நந்தியாவட்டையைப் பிடுங்கிப் பின்சுவருக்கு வெளியே எறிந்தேனே, அன்றைக்குத்தானே கிளம்பினாய்? அதுதான் திரும்ப முளைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கவருக்குள் இலை ஒன்று வைத்திருக்கிறேன். காலேஜில் தாவரவியல் நடத்துகிறவள் நீ, பார்த்துச் சொல்.

நந்தகுமார்

திருச்சி
10 ஆகஸ்ட்

நந்தகுமார் அவர்களுக்கு,

ஒற்றை இலையை வைத்து நான் என்ன ஜோசியமா சொல்வது? ஒரு கணுவில் எத்தனை இலை என்று பாருங்கள். மூன்று மூன்றாக இருந்தால் அரளி. எதிரெதிரே இரண்டென்றால் மேலே எழுதுங்கள்: பூ ஓரடுக்கா, பல அடுக்கா, காய் உண்டா. பால் பட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ரஞ்சனா

சனத்நகர்
18 ஆகஸ்ட்

அன்பு ரஞ்சனா,

இரண்டு இரண்டுதான்! கிருஷ்ணமூர்த்தியையும் குனிந்து எண்ண வைத்தேன். "ஹவ், ரெண்டுதான் இருக்கு. அப்ப வெட்டறது நக்கோ," என்று இந்த ஊர் பாஷையில் வேண்டாமென்றுவிட்டார். பூ ஓரடுக்கு, ஐந்து இதழ், காற்றாடி மாதிரி. காய்கள் ஜோடியாக, வெடித்த ஒன்றின் உள்ளே ஒரே சிவப்பு. பாலாநகருக்கு வேலைக்குப் போகிற வழியில் இப்போது வேலி வேலியாகப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

உன் செடிதானே? ஆமென்று எழுது. நீ திரும்பி வரவேண்டும் என்பதைத்தான் செடி, செடி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நந்தகுமார்

திருச்சி
25 ஆகஸ்ட்

அன்புள்ள உங்களுக்கு,

நந்தியாவட்டைதான். ஆனால் என்னுடையது இல்லை. நான் வைத்தது அடுக்கு நந்தியாவட்டை. அது காய்த்து நான் பார்த்ததே இல்லை. குச்சி நட்டால்தான் வரும். பிடுங்கியது போனதுதான். இது யார் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ பறவை கொண்டுவந்த விதை.

ஆமென்று எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். செடி விஷயத்தில் எனக்குப் பொய் வராது. அந்த வீட்டுக்குப் பழையபடி வரவும் என்னால் முடியாது. ஆனால் சாக்கடையோரம் குனிந்து இலை எண்ணுகிற மனுஷரோடு நான் குடித்தனம் நடத்தியதில்லை. அவர் எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆயுதபூஜை லீவில் மூன்று நாள் வருகிறேன். அதற்குமேல் இப்போது எதுவும் கேட்காதீர்கள்.

உங்கள்
ரஞ்சனா