பத்தொன்பது பேருக்கு என் நம்பர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். இன்று கர்ப்பிணிகள் நாள். முப்பத்தொரு பேர், பதினாறு நாற்காலி.

பத்து மணிக்கு, கர்ப்பிணிகளைப் பதியும் போன் ஆப் நின்றுவிட்டது. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. நான் திட்டியது உள்ளே டாக்டரம்மா காதில் விழுந்திருக்கும். பிறகு தானாகவே சரியானது. ஸ்தோத்திரம்.

திட்டினாலும் அதை எனக்குப் பிடிக்கும். முன்பெல்லாம் எட்டு நோட்டு, எட்டிலும் அதே பேரை எழுதி எழுதித்தான் இந்தத் தோள்வலி. இப்போது எல்லாம் ஒரு போனுக்குள். ரத்தம், சிறுநீர் லேபுக்கு அனுப்பினால் மறுநாள் முடிவு மெசேஜாகப் பெண்ணுக்கே போய்விடும். ஒரு சீட்டு வாங்க லீவு போட்டு வர வேண்டாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

ஒரே பேஜார், அந்த போன் நம்பர் கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களில் பாதிப் பேருக்குச் சொந்த போன் கிடையாது. இருப்பவர்களும் கேட் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டுக்காரர் நம்பர் கேட்டால், போன மாதம் சிம் மாற்றிவிட்டார், புது நம்பர் மனப்பாடம் இல்லை. பின்னால் வரிசை முனகும். நான் என் நம்பரைப் போட்டுவிடுவேன். இன்றோடு பத்தொன்பது பேர். மெசேஜ் எனக்கு வந்தால் என்ன, நான் போய்ச் சொல்லிவிட மாட்டேனா? எல்லாக் கட்டத்தையும் நிரப்பிய நர்ஸ் என்று போன மாத மீட்டிங்கில் கைதட்டல் வேறு.

நஸ்ரின் வந்தாள். 22 வயது, தலைப்பிரசவம், எட்டாம் மாதம். கம்பெனியில் ஷூவின் மேல்தோலுக்கு சொல்யூஷன் தடவும் வேலை. அந்தப் பசை வாசனை துப்பட்டாவிலேயே இருக்கிறது. கால் லேசாக வீக்கம். பி.பி. 138/88. சிறுநீரில் உப்பு பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்து போயிருந்தது, அதனால் எல்லாம் லேபுக்கு. தலைவலி உண்டா என்று கேட்டேன். சிரித்தாள்.

"சொல்யூஷன் தலைவலிதான் சிஸ்டர். எங்க லைன்ல எல்லாருக்கும் கீது."

இந்தப் பக்கம் அந்தத் தலைவலியை யாரும் நோயில் சேர்ப்பதில்லை. டீ குடித்தால் போகும் என்பார்கள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுக்கும் போன் இல்லை. என் நம்பர்.

நாளைக்கு: ஸ்ட்ரிப் கேட்டு எழுத. ஐஸ் பெட்டி கழுவ. இவருக்குக் கண் சொட்டு மருந்து. கறிவேப்பிலை.

ஜூலை 9, புதன்

தடுப்பூசி நாள். நாற்பத்திரண்டு குழந்தைகள், நாற்பத்திரண்டு அழுகை. ஒருத்தன் என் கையைக் கடித்தான். பல் இரண்டுதான், ஆனாலும் வலி.

போன் ஓயவில்லை. பத்தொன்பது பேருக்கும் சத்து மாத்திரை நினைவூட்டல் எனக்குத்தான் வருகிறது. காலை பத்தொன்பது, மாலை பத்தொன்பது. இவர் கேலி: "எஸ்தர், ரிட்டையர் ஆகிற வயசுல உனக்குப் பத்தொன்பது பிரசவமா?" பத்து மணிக்கே சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டேன். நிம்மதி.

தாய்மார் வாட்ஸ்அப் குழுவில் மாலை எட்டிப் பார்த்தேன். பேர்தான் தாய்மார், இருப்பவர்கள் முக்கால்வாசி வீட்டுக்காரர்கள். முனிரத்தினம் இன்றும் ரோஜாப்பூ படம் போட்டிருக்கிறார். கம்பெனி பஸ் ஓட்டுபவர். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆகிறது, ஆனால் குழுவை விட்டுப் போகவில்லை, தினமும் ஒரு பூ. எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சோம்பல். விட்டுவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

பகலெல்லாம் வீடு வீடாகப் போனேன். தூறல். நாலே முக்காலுக்கு டாக்டரம்மா போன். நேற்று அவருக்கு வேலூரில் பயிற்சி. இன்று மாலைதான் கம்ப்யூட்டரில் நம் பக்கத்தைத் திறந்திருக்கிறார். மேலேயே நஸ்ரின் பேர், சிவப்பில். உப்பு மிக அதிகம், ரத்தமும் சரியில்லை. நேற்றே அவளுக்கு மெசேஜ் போயிருக்கிறதே, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். எந்த நம்பருக்குப் போயிருக்கிறது என்று அவரே பார்த்துப் படித்தார். பாதி படிக்கும்போதே மீதியை நானே சொல்லிவிட்டேன். என் நம்பர்.

பையிலிருந்து போனை எடுத்துத் தேடினேன். இருந்தது. நேற்றுக் காலை பதினொன்றரை. மாத்திரை மெசேஜ்களுக்கு நடுவில், திறக்காமல்.

கம்பெனிக்கு போன் போட்டேன். கேட்டில் யாரோ எடுத்தார், இருங்கள் என்றார், லைன் போய்விட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. நஸ்ரின் வீட்டுக்காரர் இம்தியாஸுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை, அவர் நம்பர் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் அதையல்லவா போட்டிருப்பேன். வண்டியை ஓரம் கட்டி, குழுவில் குரல் பதிவு அனுப்பினேன். நோயைச் சொல்லவில்லை. சொல்யூஷன் லைனில் இருக்கும் நஸ்ரினைத் தெரிந்தவர்கள் உடனே என்னைக் கூப்பிடுங்கள், இவ்வளவுதான். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முனிரத்தினம்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு நம்ம பஸ்ஸுதான். கேட்டாண்ட நிக்கறேன், இன்னும் பத்து நிமிசத்துல வந்துடும். நேரா உங்காண்டையே இட்டுனு வர்றேன்."

பள்ளிகொண்டா பக்கம் போகிற பஸ். வழியில் எங்கள் சுகாதார நிலையத்துக்காக ரோட்டை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு முழு பஸ்ஸும் எங்கள் கேட்டுக்குள் நுழைந்தது. வேப்பமரக் கிளை முறிந்தது. நாற்பது பெண்களும் இறங்கிவிட்டார்கள். நடுவில் நஸ்ரின், இரண்டு பேர் தோளில். முகம் உப்பி, கண் சுருங்கி. மதியத்திலிருந்து பார்வை புகைமாதிரி என்றாள். இன்று சொல்யூஷன் வாசனை ஜாஸ்தி, அதனால்தான் என்றாள்.

பி.பி. 174/112.

டாக்டரம்மா ஊசி போட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வலிப்பு ஜன்னி கண்டுவிடக் கூடாதே கர்த்தாவே என்று உள்ளுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்தில் வந்தது, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு. டாக்டரம்மாவே கூட ஏறினார். பஸ்ஸில் வந்த ஒரு பெண் இம்தியாஸ் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

மற்றப் பெண்கள் போகவில்லை. எங்களுக்கும் தலைவலிதான், பார்த்துவிடுங்கள் என்று நின்றார்கள். எல்லோருக்கும் பி.பி. பார்த்தேன். இரண்டு பேருக்கு அதிகம், நாளை வரச் சொன்னேன். பஸ் ஏழுக்குத்தான் கிளம்பியது. ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ரோஜாப்பூ மனிதரை நேற்று எடுத்துவிடாமல் இருந்தேனே.

ஜூலை 11, வெள்ளி

விடியற்காலை ஆபரேஷன். பெண் குழந்தை. 1 கிலோ 800. கண்ணாடிப் பெட்டியில். நஸ்ரின் இன்னும் தீவிரப் பிரிவில். ஜன்னி வரவில்லை. வரவில்லை. வரவில்லை.

நன்றி சொல்ல:
முனிரத்தினம்.
நாற்பது பெண்கள், அவர்கள் பொறுமை.
ஆம்புலன்ஸ் ஓட்டியவர், பேர் கேட்க மறந்தேன்.
டாக்டரம்மா, அந்தச் சிவப்பை இன்னும் ஒரு நாள் தள்ளிப் பார்த்திருக்கலாம், பார்த்துவிட்டார்.
அந்தச் சிவப்பையும் சேர்க்க வேண்டும். நான் தூங்கினேன், அது தூங்கவில்லை.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். பத்தொன்பது பேருக்கும் என் நம்பர் என்று. என் பெண் வயசுதான் அவருக்கு. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பட்டியலைக் கேட்டார், பக்கத்துப் பகுதியில் மூன்று நர்ஸ்கள் இப்படியே செய்கிறார்கள் என்றார். எனக்கு அது ஆறுதல் இல்லை. "போன் இல்லை" என்று ஒரு கட்டமும், யார் மூலம் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டமும் வேண்டும் என்று ஆப்காரர்களுக்கு உடனே எழுதினார். என்ன நடந்தது என்றும் எழுதினார். உங்கள் பேரைப் போடவா என்று என்னைக் கேட்டார். போடுங்கள் என்றேன்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மோர் மட்டும்.

ஜூலை 12, சனி

வெயில். பத்தொன்பதில் பதினான்கு முடிந்தது. வீடு வீடாகப் போய் நம்பர்.

ஒருத்திக்கு மாமியார் போன். ஒருத்திக்குப் பக்கத்து மளிகைக்கடை. ஒருத்திக்கு இரண்டாவது மாடி டீச்சர், அவர் தாமாகவே முன்வந்தார். குடியாத்தத்துக்குப் பிறந்தவீடு போனவளுக்கு அவள் அண்ணன், தறிச் சத்தத்தில் மூன்று முறை நம்பர் சொன்னார். ஒவ்வொருவரிடமும் ஒரே பாடம்: சொல்யூஷன் தலைவலி என்று ஒன்று கர்ப்பிணிக்குக் கிடையாது. தலைவலி என்றால் வா. ஒரு மாமியார், "இத்தினி வருசமா டீ குடுத்தே சரி பண்ணிட்டோமே" என்றார். அந்த அம்மாளுக்கும் பி.பி. பார்த்தேன். அதிகம்.

குடிக்கத் தண்ணீர் கேட்ட இடமெல்லாம் சர்பத் கொடுத்தார்கள். இந்த ஜனங்களுக்கு நான் செய்தது கம்மி.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை. இரண்டாம் பாட்டுக்குப் பிறகு போதகர் ஐயர், கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார். பஸ் கதை அதற்குள் சபை முழுக்கப் பரவியிருந்தது. எஸ்தர் அக்கா ஒரே மெசேஜில் இரண்டு உயிரைக் காப்பாற்றினார்களாம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் முழங்கையால் இடித்தார்.

எழும்பவில்லை. பாதி சாட்சி சொன்னால் அது பொய். முழுவதையும் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டியவர்கள் சபையார் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் இவரிடம் சொன்னேன். வண்டியை நிறுத்திவிட்டார். நாளைக்கு நானும் வேலூர் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தனியாகத்தான் போக வேண்டும் என்றேன். மனுஷன் நல்லவர். முப்பது வருஷமாகத் தெரிந்ததுதான், இன்று மறுபடி தெரிந்தது.

கோழி வாங்கவில்லை. ரசம், அப்பளம்.

ஜூலை 14, திங்கள்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். நஸ்ரின் வார்டுக்கு வந்துவிட்டாள். குழந்தை 1 கிலோ 760. பிறந்ததும் வழக்கம்போல் கொஞ்சம் இறங்கி, நேற்றைவிட இருபது கிராம் ஏறியிருக்கிறது. படியிலேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

இம்தியாஸ் வராந்தாவில். மெலிந்த பையன், கையில் டேனரிச் சாயம் போகாமல். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். உங்களால்தான் சிஸ்டர் என்றான். அந்த வார்த்தை முடியும் முன்னே சொல்லிவிட்டேன். மெசேஜ் புதன்கிழமையே வந்தது. என் போனுக்கு வந்தது. நான் பார்க்கவில்லை. நஸ்ரின் ஒன்றரை நாள் அந்த வாசனையில் வேலை செய்தது என்னால்.

கும்பிட்ட கை கீழே போனது. நடந்து போய்விட்டான். ஆள் கூட்டி வருவான், வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம். இரண்டு டீயோடு வந்தான். ஒன்றை என் கையில் கொடுத்தான்.

"புதன்கிழமை ராத்திரி என்னாண்ட சொன்னா சிஸ்டர், தல வெடிக்குதுன்னு. சொல்யூஷன்தான், படுன்னேன். நானும்தான்."

இரண்டு பேரும் டீ குடித்தோம். அவன் அழுதான். நானும். துடைக்கக் கைக்குட்டை ஒன்றுதான் இருந்தது, என்னுடையது.

உள்ளே போனோம். நஸ்ரினிடம் இரண்டு பேரும் சொன்னோம். முதலில் நான், பிறகு அவன். மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பிறகு கேட்டாள். "அந்த மெசேஜ் இன்னும் கீதா சிஸ்டர்?"

இருக்கிறது என்றேன். கையில் ஊசி குத்தியிருந்தது, போனைப் பிடிக்க முடியவில்லை. படிக்கச் சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நஸ்ரின் அவர்களுக்கு, உங்கள் சிறுநீர்ப் பரிசோதனையில் உப்பு அதிகமாக உள்ளது. தலைவலி, கண் மங்கல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். இன்றே சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

"என் பேரு போட்டா வந்துது?"

ஆமாம், உன் பேர் போட்டுத்தான் வந்தது என்றேன்.

"இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.