சலூன் மணத்தில் இரண்டு போத்தல்

பெப். 3, 1996. சனி
மைனஸ் பதினெட்டு என்று ரேடியோவில். கீழ்மாடியில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் மறுபடி பழுது.
இவர் மோல் கடையொன்றில் சென்ட் தெளித்த இரண்டு காகிதத் துண்டு கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆம்பிளைகள் பூசும் சென்ட்.
"எது நல்லம் எண்டு சொல்லும். அதை வாங்குவம்."
இரண்டும் ஒன்றுதான். சவர சோப், பவுடர், லாவெண்டர். ஒன்றில் கொஞ்சம் இனிப்பு, மற்றதில் கைப்பு.
கலியாணம் முடித்து ஒன்பது வருடம். முகத்துக்குப் பவுடர்கூடப் போடாத மனிதர். பிளாஸ்டிக் ஃபக்டரி வேலையில் யாருக்கு மணக்க வேண்டுமாம்?

பெப். 6. செவ்வாய்
போத்தல் இன்னும் வாங்கவில்லை. ஆனால் இவருடைய கோட்டில் அதே மணம்! கொலரில் மயிர். பொன்னிறம், கட்டை.
வாயை அடக்க முடியவில்லை. மேல்மாடி தேவி அக்காவுக்குப் போன்.
"கட்டையா வெட்டின வெள்ளைக்காரியாக்கும். ஒண்டும் கேளாதை பிள்ளை. பின்னாலை போய்ப் பார்."
அழுதேன். பிறகு மீன் வெட்டினேன்.

பெப். 8. வியாழன்
ஃபக்டரிக்குப் போன் எடுத்தேன். கிறிஸ்மஸோடு இவரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்களாம்.
அப்படியென்றால் தினமும் சாப்பாட்டுப் பெட்டியோடு எங்கே போகிறார்? அவளும் என் புட்டைத்தான் சாப்பிடுகிறாளா?

பெப். 9. வெள்ளி
கோட் ஹூட்டை முகத்துக்கு இழுத்துவிட்டு இவர் ஏறிய அதே பஸ்ஸில், கடைசி சீட்டில். லோறன்ஸ் தெருவில் இறங்கினார். நானும்.
இத்தாலியக் கிழவர் ஒருவரின் சலூன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வெள்ளைக் கோட் போட்டு, ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்குப் பிடரி வழித்துக்கொண்டிருந்தார் இவர். நிலமெல்லாம் பொன்னிற மயிர். கை நடுங்காமல், வடிவாகத்தான் செய்தார்.
பெண் இல்லை. அப்பாடா என்றிருந்தது, ஒரு நிமிடம். பிறகு, தெரிந்தவர்கள் யாராவது காண்பார்களோ என்று தெருவைப் பார்த்தேன். ஊரில் இந்த வேலை செய்தவர்களை நாங்கள் வீட்டுக்குள் எடுத்ததில்லை. பக்கத்து நகரம் அஜக்ஸில் இருக்கும் என் அண்ணை அறிந்தால் இந்தப் பக்கம் வரமாட்டார். தங்கச்சியின் கலியாணப் பேச்சும் அதோடு நிற்கும்.
சென்ட் எதற்கென்று இப்போது விளங்குகிறது. சலூன் மணத்துக்கு ஒரு சாட்டு வேண்டும்.
இப்படி நினைக்கிற என்மேலும் வெறுப்பாக இருக்கிறது. ஆனாலும் நினைக்கிறேன்.

பெப். 10. சனி
இவரோடு மோலுக்கு. இவருடைய கோட்டுக்குக் கிட்ட நின்று இரண்டு போத்தலையும் மாறி மாறி மணந்தேன். கைப்பானதுதான் கோட்டு மணத்துக்குச் சரி.
"உது வேண்டாம். இதை வாங்குங்கோ."
"வடிவாப் பாத்தனீரே?"
"ஓம். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."
என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. போத்தலை எடுத்துக்கொண்டு காசு கட்டப் போனார்.
வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, போன். தேவி அக்கா.
"போய்ப் பாத்தனியே பிள்ளை? ஆர் அவள்?"
இவர் பக்கத்தில்தான் நின்றார்.
"வெள்ளைக்காரிதான் அக்கா" என்றேன்.