சொக்கன் மேஸ்திரியின் ரோமாபுரி

ஜனவரி 9, 1927. ரங்கூன்

நாடகத்தில் மூன்றாம் அங்கம் எழுதி முடித்தேன். ரோமாபுரியில் விடியற்காலை. பிரபு வீட்டு முற்றத்தில் அவரை அண்டிப் பிழைக்கிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பிரபு வந்ததும் கும்பிட வேண்டும். அன்றைக்கு யாருக்குச் சோற்றுக்கூடை, யாருக்கு இல்லை என்பது அவர் கண்ணசைவில் இருக்கிறது. பேர் என்னவோ குடியரசு. சபை உண்டு, ஓட்டு உண்டு. ஓட்டு யாருக்கு என்பதும் அந்த முற்றத்திலேயே முடிந்துவிடும். சரித்திரத்தில் உள்ளதைத்தான் எழுதினேன், கைச்சரக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

என் மனைவி ஆவுடையம்மாள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். "இதுக்கு ரோமாபுரி வரைக்கும் போவானேன்?" என்றாள்.

கீழே சொக்கன் மேஸ்திரியின் முற்றம். கப்பலில் அரிசி மூட்டை ஏற்ற அவர் அனுப்பும் கூலிகள் தினமும் விடியும் முன்னே அங்கே வந்து நிற்பார்கள், தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு. மேஸ்திரி வந்து இரண்டு தரம் செருமுவார். பிறகு விரலை நீட்டுவார். நீட்டின ஆளுக்கு வேலை. நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடம் அவர் கட்டடம். மாடியில் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறையும் அவர் தயவு. இந்த நாடகத்துக்குச் செலவும் அவரே.

எழுதும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன்.

ஜனவரி 12

நாடகத்து வரிசையில் கடைசியாக, கையில் பாட்டோடு நிற்கும் கவிராயர் யார் என்று கேட்கிறாள். ரோமாபுரியில் புலவர்களும் இருட்டோடு எழுந்து பிரபுவைக் கும்பிடப் போவார்கள், பாட்டுக்கு ஒருவேளைச் சாப்பாடு கிடைத்தால் பெரிது என்று விளக்கினேன். "அவர் பேரு அய்யாசாமி வாத்தியாரோ?" என்றாள். மேஸ்திரியின் அறுபதாங் கல்யாணத்துக்கு நான் பாடின வாழ்த்துப்பாவைச் சொல்கிறாள். சாப்பாட்டில் உப்பு கூட என்று சொல்லிப் பழி தீர்த்துக்கொண்டேன்.

ஜனவரி 16

கெட்டது குடி. மேஸ்திரி கதை கேட்டார். மூன்றாம் அங்கம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடகடவென்று படித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

"இந்தப் பிரபு எவ்வளவு பெரிய மனுஷன்! தினம் இத்தனை பேருக்குச் சோறு போடுறான். இந்த வேஷத்தை நானே கட்டுறேன், வாத்தியாரே."

செலவு செய்கிறவர் கேட்கிற வேஷம் அவருக்கு. எங்கள் சபாவில் அது வழக்கம். போன வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தருமராக நின்று எல்லோரையும் அழவைத்தார், வேறு காரணத்துக்காக. இவருக்கு மாட்டேன் என்று யார் சொல்வது?

ஜனவரி 20

ஜனங்களுக்காகப் பேச ரோமாபுரியில் ஓர் அதிகாரி உண்டு. அவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். அந்த வேஷம் மாரிச்சாமிக்கு. பகலில் மேஸ்திரியிடம் மூட்டை தூக்குகிறவன். குரல் வெண்கலம். அவன் முற்றத்துக்குள் வந்து காத்து நிற்பவர்களைப் பார்த்து, "உட்காருங்கள், இது உங்கள் நகரம்" என்று சொல்ல வேண்டும்.

இன்று ஒத்திகையில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

"என்ன வாத்தியாரே, மை சிந்திருச்சா?" என்றான் மாரிச்சாமி. நான் அடுத்த தாளைப் புரட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

ஜனவரி 27

மேஸ்திரி தன் கூலிகள் அத்தனை பேருக்கும் தரை டிக்கெட் இனாமாகக் கொடுத்துவிட்டார். தன்னைப் பிரபுவாக அவர்கள் பார்க்க வேண்டுமாம். ஐயோ. கதை ஏற்கெனவே கப்பல்துறை ஜெட்டி முழுக்கப் பரவியிருக்கிறது. அவருக்கு மட்டும்தான் புரியவில்லை. கொட்டகையில் ஒருவன் களுக்கென்று சிரித்தால் போதும். பள்ளிக்கூடம் தெருவில், நாங்களும் தெருவில். மாரிச்சாமியை நோக்கி அந்த விரல் அப்புறம் நீளவே நீளாது.

பிப்ரவரி 3

சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 6, ஞாயிறு

யாரும் சிரிக்கவில்லை.

எப்படி எழுதுவேன். பிற்பகல் ஆட்டம். வெள்ளை அங்கியில் மேஸ்திரி மேடைக்கு வந்தார். வசனம் மறந்திருக்க வேண்டும், பழக்கத்தில் இரண்டு தரம் செருமினார். அவ்வளவுதான். தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்றது. துண்டுகள் தோளை விட்டு இறங்கி அக்குளுக்குப் போயின. கேலி இல்லை. யாரும் சொல்லிவைத்ததும் இல்லை. அந்தச் செருமலுக்கு அவர்கள் உடம்பு தானாக எழுந்துவிட்டது. நாற்காலியில் இருந்த குமாஸ்தாக்களும் செட்டிமார்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்மோனியம் நின்றுபோயிற்று.

மேடையில் ஒரு கூட்டம் நிற்கிறது, கீழே ஒரு கூட்டம் நிற்கிறது. நடுவில் மேஸ்திரி, பாதி நீட்டின விரலோடு. அவர் முகத்தைப் படுதா ஓரத்திலிருந்து பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க வேண்டிய நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாரிச்சாமி தன் முறைக்கு முன்னாலேயே உள்ளே வந்தான். மேடைக் கூட்டத்தை அவன் பார்க்கவில்லை. கீழே பார்த்தான்.

"உட்காருங்கள்."

முன்வரிசை உட்கார்ந்தது. பிறகு மற்றவர்கள். பாய் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ படுதாவை இறக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 7

ஆள் வந்தது. போனேன். மேஸ்திரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த 'உட்காருங்கள்' நீங்க எழுதினதா, இல்லை அவன் சொந்தச் சரக்கா?"

அடித்த வரி அது. நான் அடித்தேன் என்றால் பொய்யில்லை. கூரை தங்கும், பள்ளிக்கூடம் தங்கும். மாரிச்சாமி போவான். யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன், நன்றாகவே யோசித்தேன். அப்போதுதான் பார்க்கிறேன், என் துண்டு என் அக்குளில் இருக்கிறது. எப்போது எடுத்தேன்? சத்தியமாகத் தெரியவில்லை.

"நான் எழுதினதுதான்" என்றேன்.

மாசக் கடைசிக்குள் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாசல் வரை வந்தபிறகு கேட்டார்: "அறுபதாங் கல்யாணத்துப் பாட்டும் நீங்க எழுதினதுதானே?"

அதற்கும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பிப்ரவரி 8

ஆவுடையம்மாளிடம் சொன்னேன். பரணிலிருந்து அண்டாவை இறக்கினாள். "கவிராயர் வரிசையை விட்டு வந்துட்டார்னா சரி" என்றாள். கண் கலங்கியிருந்தது, அவளுக்கும் எனக்கும்.

பிப்ரவரி 28

ஊர்க்கோடியில், கெமண்டைனில் ஒரு மரக்கிடங்குக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கொட்டகை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர்தான் அவ்வளவு தூரம் வருவார்கள். மழைக்கு ஒழுகும் என்று அதன் சொந்தக்காரரே சொல்கிறார்.

விடியற்காலை கடைசியாக ஜன்னலில் நின்றேன். கூலிகள் முற்றத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மாரிச்சாமி. ஆற்றில் கப்பல்கள் காத்துக் கிடக்கிற அரிசி சீசன். ஒருவனை வேண்டாம் என்றால் அத்தனை பேரும் எழுந்து போய்விடுவார்கள் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அவர் வெளியே வந்தார். யாரும் எழவில்லை. செருமப்போகிறார் என்று பார்த்தேன். செருமவில்லை. கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி வந்துவிட்டது என்று ஆவுடையம்மாள் கூப்பிட்டாள். அந்த முற்றத்தைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.