கெடிலம் மச்சான்

கடலூர்

அன்புள்ள செம்பியனுக்கு,

இங்கே அப்பா, சிந்துஜா, நான் மூவரும் சுகம், உன் சுகம் மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை, போனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். புனேயில் குளிர் ஜாஸ்தியாமே, காதை மூடாமல் பைக் ஓட்டாதே.

வரும் பொங்கலுக்கு வர முடியாது என்பதற்கு நீ லீவைக் காரணம் சொன்னாய், நான் நம்பவில்லை. அந்த ஆன்லைன் கேமில் நீ கள்ளத்தனம் செய்தாய் என்று உன் கணக்கை முடக்கினார்களே, அதிலிருந்து சிதம்பரத்து மாமா மகன் சித்தார்த் உன்னை ஹேக்கர் ஹேக்கர் என்று சொந்தக்காரர் நடுவிலெல்லாம் கேலி செய்கிறான், அவன் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நானே அந்த கேமுக்குள் போனேன், சிரிக்காதே. சிந்துஜாவின் கண்ணாடி விரிசல் விட்ட டேப்லெட்டில் ஏற்றி, கெடிலம் என்று நம் ஊர் ஆற்றின் பெயரை வைத்து, அவன் தலைவனாக இருக்கும் டீமிலேயே சேர்ந்தேன். அடிபட்டு விழுந்தவனை எழுப்பிவிடும் வேலையை எடுத்துக்கொண்டேன், அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, அதனால் எல்லோருக்கும் என்னைப் பிடித்துப்போனது. விளக்கெரியும் கீபோர்டும் மிக்ஸி மாதிரி இரையும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிற உன் மச்சானைக்கூட இந்த ஓட்டை டேப்லெட்தான் எழுப்பிவிட்டது. விலை கூடின மெஷின் இருந்தால்தான் ஜெயிக்கலாம் என்பதெல்லாம் கடைக்காரன் பேச்சு.

நான் மைக்கைத் திறக்கவே இல்லை, டைப் மட்டும்தான் செய்தேன். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் மச்சான். நேரில் அத்தே என்று குழைகிற என் அண்ணன் மகன் என்னையும் கெடிலம் மச்சான் என்றே கூப்பிட்டான். மச்சானிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஒரு நாள் அவனே மைக்கில் சொன்னான்: "எங்க அத்த பையன் ஒருத்தன் ஜெயிச்சிகினே இருந்தான் மச்சான், கடுப்பாயிடுச்சி. பசங்கள வச்சி மொத்தமா ரிப்போர்ட் அடிச்சி தூக்கிட்டோம்." அதை அப்படியே பதிவு செய்துகொண்டேன். நான் காலேஜில் ப்ரோகிராம் எழுதியபோது எந்த வரியில் தப்பு என்றாவது மெஷின் காட்டும். நாலு பேர் கூடிப் புகார் சொன்னால் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே தள்ளும்படி இந்த கேமை வடிவமைத்தவன் தன் பிள்ளையை அதில் ஆடவிடுவானா?

டீமில் பாதிக்கு மேல் ஓட்டுப் போட்டால் தலைவனையே நீக்கலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. பெரிய போட்டி தொடங்கப் போகும்போது அவன் குரலை எல்லோருக்கும் போட்டுக் காட்டி ஓட்டுக் கேட்டேன். நான் எழுப்பிவிட்ட பிள்ளைகள் யாரும் எனக்கு எதிராக நிற்கவில்லை, அவன் விளக்குகளோடு தனியாக வெளியே உட்கார்ந்திருந்தான். அதே பதிவைக் கம்பெனிக்கும் அனுப்பினேன், உன் கணக்கைத் திறந்துவிட்டார்கள், மெயிலைப் பார். குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன். பசங்க சண்டையில பெரியவங்க பூரலாமா என்று உன் மாமி போனில் கேட்டாள், உங்க பையன் சொந்தக்காரங்க எதிர்ல சிரிச்சப்ப நீங்களும் சிரிச்சீங்களே அண்ணி என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு சித்தார்த் கூப்பிட்டான். "அத்தே, கெடிலம் மச்சான் நீங்களா?" "ஆமாண்டா மச்சான்" என்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டவுடன் பரவால்லடா என்று சொல்லிவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும். ராத்திரி கண் விழிக்காதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, மாதா உன்னைக் காப்பாள், அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு. டிக்கெட்டை இன்றே போடு. பொங்கலன்று மாமா வீட்டாரும் வருகிறார்கள், வழக்கமாக அவர்கள் இலைக்குத்தான் முதலில் பரிமாறுவேன். இந்த வருஷம் உன் இலைக்கு.

உன் அம்மா,
ஜெனிட்டா