பக்கத்துக் கட்டிலின் ஊசி

கிள்ளான்

அன்பு மகள் தாமரைக்கு அப்பா எழுதுவது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம். ஆபரேஷன் செய்த முழங்கால் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது, காலையில் காய்கறி வாங்கப் பாசார் வரை நடந்து போய் வருகிறேன். ஒரு விஷயத்தைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய் என்பதால்தான் இந்தக் கடிதம். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகே எழுதுகிறேன், பயப்படாமல் படி.

ஆபரேஷனுக்கு மறுநாள் எனக்கு மயக்கம் வந்தது என்று சொன்னோம் அல்லவா, அது சும்மா வந்த மயக்கம் இல்லை. அம்மா வேலை செய்யும் மருத்துவமனையில்தான் படுத்திருந்தேன். அன்று மத்தியானம் ஏர்கண்டிஷன் ஒழுகியதால் எங்கள் வரிசையில் எல்லோரையும் ஒரு கட்டில் தள்ளிப் படுக்க வைத்தார்கள், பக்கத்துக் கட்டில்காரரின் கட்டில் எனக்கு வந்தது. வேறு வார்டிலிருந்து உதவிக்கு வந்த ராஜினி என்ற இளம் தாதி, அவருக்குப் போட வேண்டிய இன்சுலினை எனக்குப் போட்டுவிட்டாள். ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் யாரோ கூப்பிட்டு ஏதோ கேட்க, என் கைப்பட்டையில் பெயரைப் பார்க்க விட்டுப்போனது. எனக்கோ சர்க்கரை நோயே கிடையாது. உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, எதிரே நிற்பவர் முகமே என் கண்ணுக்கு மங்கிப்போனது. அடுத்த கட்டிலுக்குப் போய் அவர் பெயரைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. ஓடி ஒளியவில்லை அந்தப் பெண். "அங்கிள், நான் தப்பான ஊசி போட்டுட்டேன்," என்று என்னிடமே சொல்லிவிட்டு மணியை அழுத்தினாள். டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார், பிழைத்தேன்.

நீயும் தம்பியும் வீட்டுப்பாடம் செய்த அதே மேசையில் தானும் உட்கார்ந்து படித்து, வார்டு தாதியிலிருந்து மேட்ரன் வரை வந்தவள் உன் அம்மா. தாதியர் பிரிவுக்கும் நோயாளிப் பாதுகாப்புக்கும் இயக்குநர் பதவிக்கு அவள் பெயர் அப்போதுதான் பரிந்துரையில் போயிருந்தது. நிர்வாகம் ராஜினியை வேலையை விட்டு அனுப்பி விஷயத்தை முடிக்கப் பார்த்தது. நோயாளி தன் கணவர், விசாரணையில் தான் உட்காரக் கூடாது என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண்ணை அனுப்புவது சரியில்லை என்று நிர்வாகத்துப் பெரியவர்களிடம் நேராகவே போய்ச் சொல்லிவிட்டாள். உன் தம்பி கிஷன் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்து, நீங்கள் அப்பாவுக்கு மனைவியா இல்லை ஆஸ்பத்திரிக்கு மேட்ரனா என்று என் எதிரிலேயே கேட்டான். எனக்கும் அப்போது உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. அம்மா குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பிள்ளை உடனே சொன்னதாலதான் உங்கப்பா உயிரோட இருக்காரு. அவள அனுப்பிட்டா அடுத்த தடவை யாரும் வாயத் திறக்க மாட்டாங்க லா. அன்னிக்குப் படுத்திருக்கிறது யாரோட அப்பாவோ," என்றாள். கிஷன் கிளம்பிப் போய்விட்டான். நான் வெகுநேரம் யோசித்தேன். விசாரணைக்காரர்கள் வந்து கேட்டபோது, ராஜினி வேலையில் இருக்கட்டும் என்று நானும் சொன்னேன்.

அவளுக்கு மறுபடி பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மருந்து கொடுக்கும் தாதியை அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது என்றும், கட்டில் மாற்றினால் இருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் இப்போது எல்லா வார்டிலும் சட்டம். அம்மாவுக்குப் பதவி கிடைக்காது என்றுதான் நினைத்தோம். போன வாரம் கிடைத்துவிட்டது. நேர்காணலில் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். கிஷன் பிரிக்ஃபீல்ட்ஸில் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை, அம்மாவும் எதிர்பார்க்கவில்லை, தட்டு வைத்தாள், உட்கார்ந்து சாப்பிட்டான்.

முருகன் அருளால் நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, நிறைவோடு இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ஒன்றை மறக்காதே. அன்று நான் கண் விழித்தபோது அம்மா சீருடையில் நின்று எல்லோருக்கும் நிதானமாக வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவர் போனவர் எல்லோரும் என்னைத்தான் விசாரித்தார்கள். நீ கூப்பிடும்போது, அன்று உங்களுக்கு எப்படிம்மா இருந்தது என்று அவளைக் கேள். இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

அன்புடன்
அப்பா
சபாபதி