ஓடிக்கொண்டிருந்த பழைய நிரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் சுகம்தான்.

எங்கள் டிக்கெட் இணையதளம் ஆமையாக ஊர்ந்தது. ஒவ்வொருவர் திறக்கும்போதும் சர்வர் கணினி, நாங்கள் எழுதிய நிரல் முழுவதையும் புதிதாகப் படித்து, தனக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும். ஒருமுறை மாற்றிய வடிவத்தை நினைவகத்தில் சேமித்து, அடுத்தடுத்து அதையே ஓட்ட வைத்தேன். தளம் பறந்தது, எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள், தினமும் என்னோடு சாப்பிடும் பக்கத்து மேஜை அக்கா, கட்டணக் கணக்கில் ஒரு பிழையைத் திருத்தினார். தளத்தில் பிழை அப்படியே நின்றது.

"திருத்திட்டேன்னு பொய் வேறயா?" மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"சத்தியமா மாத்திட்டேன் சார்."

நான் சேமித்த பழைய வடிவம்தான் ஓடுகிறது என்று எனக்கு அப்போதே பொறிதட்டியது. வாங்கிய கைதட்டல் வாயை அடைத்துவிட்டது. அக்கா அழுதுகொண்டே வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பழைய வடிவத்தை அழித்துவிட்டு மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜர் சிரித்தார்: "அதான் சரியாயிடுச்சே, விடும்மா."

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். இப்போது வேறு மேஜைக்கு மாறிவிட்டார். பெரிய விஷயமில்லை, கவலைப்படாதீர்கள்.

முடிந்தால் மதியம் நான் சாப்பிடும் நேரத்தில் போன் போடுங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் வாயாடி