ஒன்பது நாள் மேஜையில் கிடந்த சுற்றறிக்கை

அன்பு மகள் சிஹாருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் பூனையும் சௌக்கியம், முழங்கால் மட்டும் மழை வந்தால் முணுமுணுக்கிறது, அது உனக்குத் தெரிந்ததுதான். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, அந்த ஹாலிஃபாக்ஸில் இப்போதாவது வெயில் எட்டிப் பார்த்ததா. இந்தக் கடிதத்தை ஜப்பானிய எழுத்திலேயே எழுதி உன்னை அசத்த வேண்டும் என்று உட்கார்ந்தேன், நான்கு வரிக்குள் விரல் வலித்துவிட்டது, அதனால் நான் பிறந்த செபூ ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். போன ஞாயிறு நீ, "யாருக்காகம்மா அந்த வீட்ல ஒத்தையா உக்காந்திருக்க, பேசாம வித்துட்டு இங்க வந்துடு" என்றாய், நான் பூனைக்குச் சோறு வைக்கணும் என்று போனை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் இருக்கும். நான் அங்கே குடியேற நீ அனுப்பிய விண்ணப்பத் தாள்கள் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது, அதுவும் தெரியும். ஆனால் போனில் சொன்னால் நடுவில் புகுந்து என்னைப் பேசவே விடமாட்டாய். முழுக்கப் படி, அப்புறம் திட்டு.

செவ்வாயும் வெள்ளியும் சமுதாயக் கூடத்தில் ஜப்பானிய எழுத்து வகுப்பு, ஒரு நாளும் விடுவதில்லை. இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் பேசி, சிரித்து, மீன் கடைக்காரரோடு சண்டை போட்டு வாழ்ந்தவளுக்கு ஒரு வரி படிக்கத் தெரியாது என்றால் அங்கே முதலில் யாரும் நம்பவில்லை. எனக்கு எதற்குப் படிப்பு, அப்பாதான் இருந்தாரே. உன் பள்ளிக்கூடத் தாள், வரித் தாள், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசிப்பார், நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே ம் கொட்டுவேன். அவர் போன இந்த இரண்டு வருஷத்தில் நான் செய்த கூத்தைக் கேள், துணி துவைக்கிற பவுடர் என்று நான் வாங்கிக்கொண்டிருந்தது குளியல் தொட்டி தேய்க்கிற பவுடராம். துண்டெல்லாம் ஏன் அப்பளம் மாதிரி விறைக்கிறது என்று நானும் மழையைத்தான் வைதுகொண்டிருந்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிரேசில்காரி ஜுசாராவிடம் சொன்னேன், பாவி, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எனக்கு முதலில் படிக்க வந்தவை சூமோ வீரர்களின் பெயர்கள்தான், பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். வாத்தியார், "மொதல்ல வீட்டு வரிங்கிற எழுத்தப் படிங்கம்மா" என்றார். வரி என்றைக்காவது வளையத்துக்குள் இறங்கி மோதுமா, சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வரிசையில் எட்டு வீட்டுக்கும் சுற்றி வருமே சுற்றறிக்கை அட்டை, முதல் வீடு இவாகுரா, அடுத்தது நாம், அப்புறம் ஹமதானி அம்மா. அப்பா இருந்தபோது வந்த அன்றைக்கே படித்து, நம் பெயருக்கு நேரே முத்திரை குத்தி, அடுத்த வாசலில் மாட்டிவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார். அவருக்குப் பின் நான் படிக்காமலே குத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன், அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மே மாதம் அட்டை வந்ததும் இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் ஐந்தாறு வரி, ஒவ்வொரு சீன எழுத்தாக அகராதியில் தேடி எழுதினேன், நாய்க்கு ஊசி போடுவது, ஆற்றங்கரையில் புல் வெட்டுவது, கூரை பழுதுபார்ப்பவரின் விளம்பரம் உட்பட. ஏழாம் நாள் 'தண்ணீர்', 'நிறுத்தம்' இரண்டும் பிடிபட்டன, தேதியும் பிடிபட்டது. சிஹாரு, எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே, அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று சத்தமாக வாசித்துக் காட்டினேன். அந்த நாள் காலையில் எழுந்ததும் தொட்டி நிறைய, வாளி நிறைய, சோறு வைக்கிற பானை நிறையத் தண்ணீர் பிடித்தேன். அட்டை என் மேஜை மேலேயே கிடந்தது. ஒன்பது நாளாக!

அன்றைக்குத்தான் ஹமதானி அம்மாவின் வீட்டுக்காரருக்கு முதல் வருஷ நினைவுநாள். கானசாவாவிலிருந்து உறவுக்காரர்கள், கோயில் குருக்கள், எல்லாரும் வந்து உட்கார்ந்திருக்க, தேநீர் போடக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கறுப்பு உடையோடு ஓடி வந்து, "நெனிதா, உன் வீட்ல தண்ணி வருதா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வரிசையாக நிற்கும் வாளிகளைப் பார்த்தார், மேஜையில் அட்டையைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் என் நோட்டையும் பார்த்தார். "ஓகோ" என்றார், அவ்வளவுதான். வெட்கத்தில் எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. முழங்காலையும் பார்க்காமல் பதினான்கு வாளி சுமந்து அவர்கள் சமையலறையில் வைத்தேன், மறுநாள் இனிப்புப் பெட்டியோடு மிச்ச ஆறு வீட்டுக்கும் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் கடிந்து பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் இவாகுரா வந்தார், இந்த வருஷம் வரிசைத் தலைவர் அவர்தான். என்னைவிட அதிகமாகக் குனிந்து, "பாவம், உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தொந்தரவு, அடுத்த மாசத்துலேருந்து உங்க வீட்டுக்கு அட்டை வராம பாத்துக்கறேன், முக்கியமா ஏதாச்சும்னா நானே வாய்ல சொல்லிடறேன்" என்றார். நல்ல மனுஷன், நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு வயிறெரிந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், இப்படிச் சொன்னால் என்ன செய்வது, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

ஜூனில் அட்டை நம் வாசலைத் தாண்டி நேராக ஹமதானி அம்மாவின் கதவில் தொங்கியது. துணி உலர்த்தும்போது பார்த்தேன். அப்பாவும் நானும் கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய வீடு, நீ தவழ்ந்த வீடு, இந்த வரிசையில் இல்லாத வீடு மாதிரி ஆகிவிட்டதே என்று உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குத்தான் உன் உறை வந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன், சிஹாரு. கையெழுத்துப் போட்டால் என்ன, யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். வகுப்பு நேரமாகிவிட்டது, அப்படியே இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனேன்.

போன புதன்கிழமை காலை மணி அடித்தது. ஹமதானி அம்மா, கையில் ஜூலை மாத அட்டை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவன் உன்ன விட்டுட்டு எங்கிட்ட போட்டுட்டுப் போறான், எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, உக்காரு, படிச்சுச் சொல்லு" என்றார். நான் கண்ணீரும் கம்பலையுமாக மறுபடி அந்தத் தண்ணீர்ப் பேச்சை எடுத்தேன். அவர் கையை வீசி, "அட விடுடி, நீ மறுநாளே குடுத்திருந்தாலும் நான் படிச்சிருக்கவா போறேன்? இருபது வருஷமா முத்திரையக் குத்தித் தள்ளிவிடற கூட்டம் நாங்க. இந்த வரிசையில அத எழுத்தெழுத்தாப் படிச்சவ நீ ஒருத்திதான்" என்றார். படித்தேன். திக்கித் திக்கி முக்கால் மணி நேரம். திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள், ஆற்றோரம் பாம்பு நடமாடுகிறது, இரண்டு செய்திதான். முடித்ததும் பட்டியலில் இவாகுராவுக்கும் அவருக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, "ம், குத்து" என்றார். அப்பாவின் முத்திரையை எடுத்து வந்து குத்தினேன், கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே போய் நான்காவது வீட்டில் மாட்டினோம். நேற்று இவாகுரா அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார், காதெல்லாம் சிவந்திருந்தது. வரும் ஏப்ரலில் தலைவர் முறை நம் வீட்டுக்கு, "முடியுமாங்க?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

அதனால் தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணே. உன்னை நினைக்காத நாளில்லை, இலையுதிர் காலத்தில் வந்து மூன்று வாரம் உன்னோடு இருப்பேன், அதற்கு மேல் அட்டை காத்திருக்காது. தலைமுடியை ஈரத்தோடு கட்டாதே, மாப்பிள்ளையிடம் எல்லாவற்றுக்கும் முகம் தூக்காதே. அப்பாவும் நானும் உனக்குச் சொல்லும் ஆசி ஒன்றுதான், எந்த ஊரில் இருந்தாலும் உன் வாசலைத் தாண்டிப் போகாத மனிதர்கள் உனக்கு அமையட்டும். மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா நெனிதா,
மூன்றாம் வரிசை, இரண்டாவது வீடு.